பேர் ஏறாத கணக்கு

பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு தாய்லாந்து போயிருந்தோம். பாங்காக்கில் கடை கடையாக ஏறி இறங்கியது போதும் என்று ஒரு நாள் காஞ்சனபுரிக்கு வண்டி பிடித்தோம். சயாம் மரண ரயில் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். 1942-43-ல் ஜப்பான் ராணுவம் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை.

ஊர் நடுவே போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 பேர். பெரும்பாலான கற்களில் பேர், படைப்பிரிவு, வயது எல்லாம் இருக்கிறது. ஆற்றங்கரையில் ஜீத் அருங்காட்சியகம். கைதிகள் அடைபட்டுக் கிடந்த மூங்கில் கொட்டகை மாதிரியே கட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகள்தான் 'ஜீத்'. மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஆளுங்க எங்கப்பா?" என்றாள்.

நியாயமான கேள்வி. போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பது வெறும் மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோன தமிழர்கள் அதில் பல்லாயிரம். காலரா, பட்டினி, அடி.

நான் வங்கிக்காரன். பத்து பைசா இடித்தாலும் டேலி ஆகாமல் எழுந்து பழக்கமில்லை. கும்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஆனைக்கரை ஏலத்தோட்டங்களில்கூட, வேலைக்கு வந்த ஆளுக்குப் பேர் போடாமல் பொழுது சாயாது. இங்கே சிப்பாய்க்குப் பேரேடு, கூலிக்குத் தோராயம்!

2023-ல் காஞ்சனபுரியில் நம்மவர்களுக்கு நடுகல் நட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கல் மட்டும் போதுமா? பேர் வேண்டாமா?

ஜெர்மானியர் கொன்ற யூதர்கள் 60 லட்சம். ஜெருசலேமின் யாத் வஷேம் அமைப்பு உறவினர்களிடம் ஆளுக்கொரு தாள் எழுதி வாங்கியும் ஆவணங்களைத் தேடியும் 48 லட்சத்துக்கும் மேல் பேர்களைச் சேர்த்துவிட்டது. அரசாங்க ஏட்டில் இல்லாதது வீட்டில் கிடைத்தது.

பழைய துக்கத்தை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கிளறவில்லை ஐயா, வரவு வைக்கச் சொல்கிறேன். "சயாமுக்குப் போன தாத்தா திரும்பவே இல்லை" என்று சொல்லும் பாட்டியோ பெரியப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். ஆள் பேர், தோட்டத்தின் பேர், போன வருஷம். மூன்றே வரிதான். எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவர்களும் போய்விட்டால் இந்தக் கணக்கு என்றைக்குமே நேராகாது.