கடலோரக் கொட்டகையில் புதுக் கருவிகள்... துருவிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: ''எங்களுக்கு வானம் பார்த்த நெல் வயலும், வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் தென்னையும் இருக்கின்றன. ஒரு பவர் டில்லரும் டீசல் இன்ஜினும் வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய மகன், 'இனிமேல் ஒவ்வொரு ரிப்பேருக்கும் அறந்தாங்கிக்கு ஓட வேண்டாம்' என்று சொல்லி ஸ்பேனர் செட், டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் எல்லாம் வாங்கிக் கொட்டகையில் வைத்திருக்கிறான். ஆறு மாதம்கூட ஆகவில்லை, பாதிக்கு மேல் துருப்பிடித்துவிட்டது. கடற்காற்றுக்கு இது இப்படித்தான் என்கிறார்கள். இதைத் தடுக்க முடியுமா? இன்னும் என்னென்ன வாங்கினால் போதும்? அவன் கட்டிங் மெஷினை எடுத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இவற்றுக்கு மானியம் உண்டா?''

- வாசகி, கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: தடுக்க முடியும். கடற்காற்று ஒரு காரணம்தான். ஆனால், பல வீடுகளில் அதைவிடப் பெரிய காரணம் கொட்டகைக்குள்ளேயே இருக்கிறது. அது, கருவிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் உர மூட்டை.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு சேர்ந்துகொண்டால் அந்த வேலை பல மடங்கு வேகமாக நடக்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசகசவென்று ஆவது இதனால்தான். கடற்காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் ஸ்பேனர் மீது படிந்துவிட்டால், மழை பெய்யாத நாளிலும் ராத்திரி ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொண்டே இருக்கும்.

பொட்டாஷ் உரமும் உப்பின் இனம்தான். சமையல் உப்பு சோடியம் குளோரைடு. கடையில் 'பொட்டாஷ்' என்று கொடுக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு. யூரியாவும் ஈரத்தை இழுக்கும். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் நெடியும் இரும்பை அரிக்கும். இவற்றோடு ஒரே அறையில் கருவிகளை வைத்தால், கடல் பத்து மைல் தள்ளி இருந்தாலும் துரு வரும்.

மூன்று ஆணிச் சோதனை

உங்கள் வீட்டில் துருவுக்குக் காரணம் எது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். துத்தநாகப் பூச்சு இல்லாத, பளபளப்பான சாதாரண இரும்பு ஆணி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உர மூட்டைக்கு அருகில் வையுங்கள். இரண்டாவதை வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். மூன்றாவதில் மெலிதாக எண்ணெய் தடவி, அதையும் உர மூட்டைக்கு அருகிலேயே வையுங்கள். ஒரு மாதம் கழித்து மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்குள் இருந்த ஆணி தேவலை என்றால், கருவிகளின் இடத்தை மாற்ற வேண்டும். எண்ணெய் தடவிய ஆணி அங்கேயே இருந்தும் தப்பியிருந்தால், எண்ணெய்த் துணிக்கு எவ்வளவு பலம் என்பது புரியும்.

எங்கே வைப்பது, எப்படித் துடைப்பது?

முதல் வேலையாக உரத்தையும் கருவிகளையும் பிரித்துவிடுங்கள். தனி அறை இல்லையென்றால், மூடி உள்ள மரப்பெட்டியை வீட்டுக்குள் வைத்து, கைக்கருவிகளை அதில் போடுங்கள். பெயின்ட் வரும் பெரிய வாளியைக் கழுவிக் காயவைத்து, மூடி போட்டும் பயன்படுத்தலாம். பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. சிமென்ட் தரை வழியாகவும் ஈரம் ஏறும். இரண்டு செங்கல் அல்லது பலகை மீது வையுங்கள். கருவிகளைச் சாக்கில் சுற்றி வைக்கும் பழக்கம் வேண்டாம். சாக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது உரச் சாக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேலை முடிந்ததும், உப்பும் சேறும் போக நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு எண்ணெய்த் துணியால் ஒருமுறை தேய்க்க வேண்டும். உப்பை எடுக்காமல் அதன் மேலேயே எண்ணெய் தடவினால், உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். மின்சாரக் கருவிகளை மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும்.

எண்ணெய் என்றதும் இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைத் தேடுவார்கள். அது வேண்டாம். இன்ஜினில் ஓடிய ஆயிலில் கரியும் அமிலமும் சேர்ந்திருக்கும். இரும்புக்கும் நல்லதல்ல, அடிக்கடி கையில் பட்டால் தோலுக்கும் கெடுதல். புது இன்ஜின் ஆயில் கொஞ்சம் இருந்தால், ஒரு குடும்பத்தின் கருவிகளுக்குப் பல மாதம் வரும். நல்லெண்ணெய் போன்றவை நாளாக ஆகப் பிசினாகிவிடும். நீண்ட நாள் எடுக்காமல் வைக்கும் கருவிக்கு கிரீஸ் பூசலாம்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கருவிகளைத் துடைப்பது பலரது வழக்கம். அதற்குப் பிறகுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. துருவுக்கு அறுவடைக் காலமே அந்த மூன்று மாதங்கள்தான். அப்போது வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து துடைத்தால் போதும்.

ஏற்கெனவே துருப்பிடித்தவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பயன்படும் புளி இதற்கும் உதவும். கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசுங்கள். உடனே காயவைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் செம்மை படரும். வெள்ளிபோல் மின்னும் குரோமியம் பூச்சுள்ள ஸ்பேனர்களை ஊறவைக்க வேண்டாம். டீசல் தொட்ட துணியால் தேய்த்தாலே போதும்.

எதை வாங்குவது?

நூறு உருப்படி கொண்ட பெட்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பத்துப் பதினைந்துதான் கையில் புழங்கும். மற்றவை துருப்பிடிக்கக் காத்திருக்கும். பவர் டில்லர், டீசல் இன்ஜின், மோட்டார், ஸ்பிரேயர் ஆகியவற்றில் என்னென்ன போல்ட் இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். 6 மி.மீ போல்ட்டுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர், 8 மி.மீ-க்கு 13, 10 மி.மீ-க்கு 17, 12 மி.மீ-க்கு 19 என்பது பொதுவான கணக்கு. புது இயந்திரங்கள் சிலவற்றில் 17-க்குப் பதில் 16, 19-க்குப் பதில் 18 வரும். எழுதிய பிறகு பார்த்தால், அடிக்கடி தேவைப்படுபவை ஐந்தாறு அளவுகள்தான் என்பது தெரியும். அந்த அளவுகளில் மட்டும் தரமான ஸ்பேனர் வாங்கினால் போதும்.

ஒரே அளவில் இரண்டு வகை தேவை. வாய் திறந்த ஸ்பேனர், நட்டின் இரண்டு பக்கங்களை மட்டுமே பிடிக்கும். ரிங் ஸ்பேனர் எல்லா மூலைகளையும் பிடிக்கும். கடலோரத்தில் இறுகிப்போன நட்டைக் கழற்ற ரிங் ஸ்பேனர்தான் சரி. வாய் ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அதன்பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். இறுகிய நட்டில் முதல் நாள் மாலையே டீசல் விட்டு ஊறவைத்தால், காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். மாட்டும்போது துத்தநாகம் பூசிய போல்ட்டாகப் பார்த்து, மரையில் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது அதன் அருமை தெரியும்.

இவற்றோடு கட்டிங் பிளேயர், பெரிதும் சிறிதுமாகத் திருப்புளிகள், சுத்தியல், அரம், 14 அங்குல பைப் ரெஞ்ச், பென்ச் வைஸ், ஆக்சா பிளேடும் பிரேமும் இருந்தால் வீட்டுப் பட்டறை நிறைவாகிவிடும். ஆக்சா பிளேடில் அங்குலத்துக்கு 18 பல் உள்ளது கனமான இரும்புக்கு, 24 பல் பொது வேலைக்கு, 32 பல் மெல்லிய குழாய்க்கு. பல்லின் சாய்வு முன்பக்கம் பார்த்திருக்கும்படி மாட்ட வேண்டும். அரத்தை மற்ற இரும்புகளோடு சேர்த்துக் குலுங்கவிட்டால் பல் மழுங்கிவிடும். தனித் துணியில் சுற்றி வையுங்கள்.

கைக்கருவிகளை இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டமும் சேர்ந்துதான் அடிவாங்கியது. தென்னைகள் விழுந்து பாதை அடைத்துக் கிடந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கை கொடுப்பது கோடரி, ரம்பம், கடப்பாரை, அரிவாள் ஆகியவைதான். இவற்றின் கூர்மையும் பிடியும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது வழக்கம். ஊறியதும் இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். அதற்குப் பதில், தலைப்பகுதியில் புதிதாக ஆப்பு அடிப்பதே சரியான வழி.

கட்டிங் மெஷின்: பயம் நியாயமானதே

பட்டறைகளில் 'ஏஜி 4' என்று சொல்லப்படும் 4 அங்குல மெஷினின் டிஸ்க், நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் டிஸ்க் உடைந்தால், சில்லு துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். ஆகவே, மகனிடம் சண்டை போடுவதைவிட, கீழ்க்கண்டவற்றை வீட்டுச் சட்டமாக்குவது நல்லது.

* டிஸ்க்கைச் சுற்றியுள்ள இரும்புக் கவசத்தைக் கழற்றக் கூடாது. கண்ணாடி அணியாமல் சுவிட்சைத் தொடக் கூடாது.

* டிஸ்க்கில் அச்சிட்ட சுற்று எண்ணிக்கை, மெஷினில் எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும், பார்த்து வாங்குங்கள். ஈரம் பட்ட டிஸ்க், விரிசல் விட்ட டிஸ்க் வேண்டாம்.

* வெட்டும் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது. மரம் அறுக்கும் பல் பிளேடை இந்த மெஷினில் மாட்டவே கூடாது.

* கைலி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகியவற்றோடு வேலை பார்க்க வேண்டாம். டிரில்லிங் மெஷினில் கையுறையும் கூடாது, சுற்றி இழுத்துவிடும்.

* தீப்பொறி பல அடி தூரம் பறக்கும். வைக்கோல், தேங்காய் நார், டீசல் கேன் பக்கத்தில் வெட்டக் கூடாது. காலி பெட்ரோல், டீசல் டிரம்மை வெட்டுவது மிக ஆபத்து. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

* கொட்டகைக்குப் போகும் மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பொருத்துங்கள். மின்கசிவு ஏற்பட்ட நொடியே அது மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும். மூன்று பின் உள்ள கருவிகளுக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும். டேப் சுற்றிய ஒட்டு வயர் ஈரத் தரையில் கிடக்கக் கூடாது.

இன்னொன்று, பாசனத்துக்கான இலவச மின் இணைப்பிலிருந்து பட்டறைக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கக் கூடாது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, அனுமதித்த நோக்கத்துக்கு அல்லாமல் வேறு வேலைக்கு மின்சாரம் எடுப்பது விதிமீறல். அபராதம் கட்ட நேரிடும்.

மானியம்?

ஸ்பேனர், டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் ஆகியவை வேளாண் இயந்திர மானியத்தில் வராது. பவர் டில்லர், களையெடுக்கும் கருவி போன்றவற்றுக்கு, வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தின்கீழ் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவிகிதம் வரையிலும், மற்றவர்களுக்கு 40 சதவிகிதம் வரையிலும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்புத் தொகை இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ, உழவன் செயலியிலோ விண்ணப்பிக்கலாம். பணம் கட்டி வாங்கிய பிறகு போய்க் கேட்காமல், வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

வெல்டிங் மெஷின் போன்ற விலை அதிகமான கருவிகள் வருடத்தில் சில நாள்கள்தான் தேவைப்படும். அவற்றை நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, வேலை தெரிந்த ஒருவர் பொறுப்பில் வைப்பது சிக்கனம். இப்போதைக்கு, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். உர மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மூடியுள்ள பெட்டி ஒன்றும் எண்ணெய்த் துணி ஒன்றும் தயார் செய்யுங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து ஆர்.சி.சி.பி பொருத்துங்கள். விதைப்பு நேரத்தில் பவர் டில்லர் நின்றுபோனால், அறந்தாங்கிக்கு ஓடாமல் வயலோரத்திலேயே சரிசெய்ய இந்த மூன்றும் உதவும்.