ஏலக்காய்த் திருட்டு: பச்சைக்காய் போகும் வழியை அடைக்க வேண்டும்

போடிநாயக்கனூரை ஒட்டிய போடிமெட்டு, குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளிலும், எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு வரையிலும் ஏலக்காய் எடுப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை நடக்கிறது. தோட்டத் திருட்டுக்கும் அதுவே பருவமாகும்.

காலையில் தோட்டத்துக்குப் போகும் சிறு விவசாயி, முந்தின நாள் பார்த்து வைத்த பத்துத் தட்டைகளில் காய் இல்லாததைக் காண்கிறார். பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்கிறார். அவரோ, போன வாரம் தமக்கும் போயிற்று என்கிறார். இருவரும் யார் யார் மீதோ சந்தேகம் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். காவல் நிலையத்துக்குப் போவதில்லை. கேட்டால், "போய் என்ன ஆகப் போகிறது? ஜீப்புக் கூலியும் ஒரு நாள் வேலையும்தான் கெடும்" என்பதே பதில்.

இந்தப் பதிலில் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பதிலை நம்பித்தான் திருடனும் மறுபடி வருகிறான். காவலுக்கு ஆள் போடுவதும் நாய் வளர்ப்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும். திருட்டுக்காய் எந்த வழியாகப் பணமாகிறது என்பதைப் பார்த்து அந்த வழியை அடைப்பதே சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகும் காவல்.

சரத்தோடு போவது அடுத்த எடுப்பும்தான்

ஏலச்செடியில் சரம் தட்டையின் அடியிலிருந்து கிளம்புகிறது. ஒரே சரத்தில் முற்றிய காயும், பிஞ்சும், பூவும், மொட்டும் ஒரே சமயத்தில் இருக்கும். பூத்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ நான்கு மாதம் ஆகிறது. ஆகவேதான் முப்பது, நாற்பது நாளுக்கு ஒரு தடவையாக ஐந்தாறு எடுப்புகள் எடுக்கிறோம்.

இருட்டில் வருகிறவனுக்கு முற்றிய காயைத் தேடிப் பறிக்க நேரம் இல்லை. சரத்தையே அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறான். மறைவான இடத்தில் உட்கார்ந்து காயை உருவிக்கொண்டு மிச்சத்தை எறிந்து விடுகிறான். அவனுக்குக் கிடைப்பது ஒரு எடுப்பின் காய். விவசாயிக்குப் போவது அந்தச் சரத்தில் வரவேண்டிய மூன்று, நான்கு எடுப்புகள். உரமும் மருந்தும் களையெடுப்புக் கூலியும் அதற்காகச் செலவழித்தவை. காப்பீடு இல்லாத, கடன் வாங்கிய ஒரு ஏக்கர்க்காரருக்கு இது சின்ன நஷ்டம் அல்ல.

இன்னொரு நஷ்டமும் உண்டு. திருட்டுக்குப் பயந்து காய் முற்றுவதற்கு முன்பே பறித்துவிடும் பழக்கம் வருகிறது. முற்றாத காய் உலர்ந்தால் சுருங்கும், எடை நிற்காது, ஏலத்தில் விலை பிடிக்காது. மடகாஸ்கர் தீவில் வனிலா விவசாயிகள் இதே பாட்டைப் படுகிறார்கள். 2018-இல் வனிலா விலை கிலோ 600 டாலர் வரை ஏறியபோது திருட்டும் ஏறியது. பயந்து இளங்காயைப் பறித்ததால் சரக்கின் தரம் இறங்கியது. செடியில் இருக்கும்போதே காயின் மேல் ஊசியால் குத்தித் தங்கள் அடையாளத்தைப் பதிக்கும் நிலைக்கு அங்கே விவசாயிகள் வந்திருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி மின்னணு ஏலத்தில் ஏலக்காய் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை போனது. அப்படி விலை ஏறும்போதெல்லாம் மலைத் தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் இல்லை.

பச்சைக்காய் ஒளித்து வைக்கிற சரக்கு அல்ல

தங்கத்தைத் திருடினால் ஒரு வருஷம் புதைத்து வைக்கலாம். பச்சை ஏலக்காயை அப்படி வைக்க முடியாது. பறித்து ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் ஸ்டோரில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் பச்சை நிறம் போய்விடும், காய் கெடும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கிறது. உலர்ந்த பிறகு எந்தத் தோட்டத்துக் காய் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே, மலையில் திருடுபோன ஒவ்வொரு சாக்குக் காயும் மறுநாள் பொழுது சாய்வதற்குள் யாரோ ஒருவருடைய தராசில் ஏறி, யாரோ ஒருவருடைய ஸ்டோரில் உலர்கிறது. திருடன் எந்தப் பாதையிலும் வரலாம். தராசுகளும் ஸ்டோர்களுமோ எண்ணிவிடக் கூடியவை.

உலர்ந்த காய்க்குக் கணக்கு இருக்கிறது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடக்கிறது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். பச்சைக்காய் கைமாறும்போதோ பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயிதான் பச்சையாக விற்கிறார். அவர் விற்கும் அதே தராசில், சீட்டு இல்லாத காரணத்தால், அவரிடம் திருடியவனும் விற்றுவிட்டுப் போகிறான்.

ஐயாயிரம் ரூபாய்க் கோடு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகத் தண்டனை பெறுகிறவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே தண்டனை. மேலும், 5,000 ரூபாய்க்குக் குறைந்த இத்தகைய திருட்டை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீசார் புலன் விசாரிக்க முடியாது.

உலர்ந்த காய் கிலோ 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிலோ உலர்ந்த காய், அதாவது பத்துக் கிலோ பச்சைக்காய்தான் அந்தக் கோடு. ஒரு ஆள் இருட்டில் சுமந்து போவது ஏறக்குறைய அவ்வளவுதான். வயிற்றுப் பசிக்குத் திருடுகிற ஏழையைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த நினைப்பது நல்ல சட்டம்தான். ஆனால் இரவுக்கு எட்டுக் கிலோ என்று தோட்டம் தோட்டமாகப் போகிறவனும் அதே சலுகையில் தப்பிவிடக் கூடாது.

அதற்கு ஒரே வழி, சிறிய திருட்டையும் எழுத்தில் பதிவு செய்வதுதான். புகாரே இல்லையென்றால், பத்தாவது முறை திருடுகிறவனும் சட்டத்தின் கண்ணுக்கு முதல் முறைக்காரனாகவே தெரிவான். சிறிய திருட்டானாலும் நிலைய அதிகாரி அதைப் புத்தகத்தில் எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் போக வழிகாட்ட வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஒரே மலையில் ஒரே மாதத்தில் பதினைந்து ரசீதுகள் சேர்ந்தால், அது தனித்தனிச் சில்லறைத் திருட்டாகத் தோன்றாது.

மற்ற மூன்று விஷயங்களையும் விவசாயிகள் அறிந்திருப்பது நல்லது. ஸ்டோருக்குள் புகுந்து திருடினால் அது 305-ஆம் பிரிவு; ஏழு ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கு 317-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்கிறவருக்குப் பத்தாண்டு அல்லது ஆயுள் சிறைகூடக் கிடைக்கலாம். சரத்தை அறுத்துச் செடியைக் கெடுத்தது தனிக் குற்றம். திருடுபோன காயின் மதிப்போடு, அறுபட்ட சரங்களின் எண்ணிக்கையையும் புகாரில் தனியாக எழுத வேண்டும்.

எல்லை ஒரு தடை அல்ல

போடியில் வீடும் இடுக்கியில் தோட்டமும் உள்ளவர்கள் ஏராளம். "அது கேரளா ஸ்டேஷன், இது தமிழ்நாடு ஸ்டேஷன்" என்று சொல்லியே பல புகார்கள் நின்று போயின. புலன் விசாரணைக்குரிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று 173-ஆம் பிரிவு இப்போது தெளிவாகச் சொல்கிறது. மின்னணு வழியில் தகவல் அனுப்பி, மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டாலும் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். நிலைய அதிகாரி பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். அவசரத்துக்கு இரண்டு மாநிலத்திலும் 112 என்ற ஒரே எண்தான்.

கை ஓங்கினால் வழக்கு திரும்பும்

புகார் கொடுக்காத ஊரில் ஆத்திரம் சேர்கிறது. ஆத்திரம் சேர்ந்த ஊரில் ஒரு நாள் யாராவது சிக்கினால், கட்டிவைத்து அடிக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்து அடித்தார்கள். அவர் இறந்து போனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல். சில படி அரிசிக்காக ஒரு உயிரும் பதின்மூன்று குடும்பங்களும் போயின. பிடிபட்டவரைத் தொடாமல் உடனே போலீசாரிடம் ஒப்படைப்பதே முறை.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது அதைவிடக் கொடியது. அதில் சாகிறவர் திருடனாகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. விடியற்காலையில் மருந்தடிக்க வந்த கூலியாளாக இருக்கலாம். தோட்டக்காரரின் மகனாகவே இருக்கலாம்.

சந்தேகம் முதலில் விழுவதும் கூலியாட்கள் மீதுதான். தேவாரம், கோம்பை, போடியிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து வருகிற பெண்களும், வடமாநிலத்திலிருந்து வந்து லயத்தில் தங்கியிருக்கிறவர்களும் எளிதில் பழிக்கு ஆளாகிறார்கள். அவர்கள் இல்லாமல் ஒரு எடுப்பும் நடக்காது. ஆதாரம் இல்லாமல் ஆளைப் பழிப்பதால் நல்ல ஆள் போய்விடுவார். திருடன் போக மாட்டான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, பச்சைக்காய் வாங்குகிறவர்களும், கூலிக்கு உலர்த்திக் கொடுக்கும் ஸ்டோர்க்காரர்களும் ஒரு நோட்டு வைக்க வேண்டும். கொண்டு வந்தவர் பெயர், தோட்டம் இருக்கும் இடம், எடை, நாள், நேரம், தொலைபேசி எண் ஆகிய ஆறு விவரம் போதும். நோட்டில் உள்ளதைச் சீட்டாகவும் கொடுக்க வேண்டும். "எடுப்புக் காலத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று வியாபாரிகள் கேட்கலாம். எடை எழுதாமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. எடைக்குப் பக்கத்தில் பெயரையும் எழுத அரை நிமிஷம் ஆகாது. நேர்மையான வியாபாரிக்கு அந்த நோட்டே கவசம். ஜமைக்கா நாட்டில் விளைபொருள் விற்கும் விவசாயிக்கு ரசீதுப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். ரசீது கொடுக்க முடியாதவனிடம் வாங்கினால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, விவசாயிகளும் சீட்டு இல்லாத தராசில் காய் போடுவதில்லை என்று கூடி முடிவு செய்ய வேண்டும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் அதிகம் என்று சீட்டுக் கொடுக்காதவரிடம் போடுகிற காய், திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

மூன்றாவது, ஒவ்வொரு எடுப்பிலும் எத்தனை கிலோ கிடைத்தது என்று விவசாயி எழுதி வைக்க வேண்டும். நஷ்டத்தைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நான்காவது, காவல் துறையும் வாரியமும் செய்ய வேண்டியது. எடுப்புக் காலத்திலாவது மலைக் கிராமங்களில் மாதம் ஒரு நாள் போலீசார் வந்து அங்கேயே மனு வாங்கினால், ஜீப்புக் கூலிக்குப் பயந்து நிற்கிற புகார்கள் வெளியே வரும். பச்சைக்காய் வாங்குகிறவர்களையும் கணக்குக்குள் கொண்டு வர வாரியம் முன்வர வேண்டும்.

வரும் எடுப்புக்கு முன் நான்கு தோட்டக்காரர்கள் சேர்ந்து, தாங்கள் வழக்கமாகக் காய் போடும் ஸ்டோருக்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும். எழுத மறுக்கிறவர் யார் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.