டீச்சர், மான் எங்கே?



லீவுக்கு எங்காவது போகணும், கடலையும் பார்க்கணும், காட்டு விலங்குகளையும் பார்க்கணும் என்று ஆசையா? அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் பக்கத்தில் கோடியக்கரை இருக்கிறது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சேரும் இடம். அங்கே 1967ல் வனவிலங்கு சரணாலயம் ஏற்படுத்தினார்கள். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். கடலோரச் சதுப்பு நிலத்தில் பறவைகள் வந்து இறங்கும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் பூங்குழலி படகு செலுத்துவாளே, அதே கோடிக்கரைதான்!

நான் ஆசிரியையாக வேலை பார்த்தபோது, மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். திட்டம் போட்டது நான்தான். ராத்திரி மல்லாங்கிணறிலிருந்து கிளம்பி தஞ்சாவூர், வேதாரண்யம், கோடியக்கரை, வேளாங்கண்ணி, நாகூர்... ஒரே நாளில் 5 இடங்கள்! பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை.

கோடியக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி மதியம் 1. உச்சி வெயில். பாதிப் பேர் வண்டியிலேயே தூக்கம். 'அரை மணி நேரம்தான், சீக்கிரம் பார்த்துட்டு வாங்க' என்று விரட்டினேன். ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்... 'டீச்சர், மான் எங்கே?'

அவள் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர். வாரக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து, டூர் பணம் கட்டியிருந்தார். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. தப்பு மானுடையதல்ல, திட்டம் போட்ட என்னுடையது!

வெளிமான் காலையிலும் சாயங்காலமும்தான் நன்றாக மேயும். உச்சி வெயிலில் நிழல் தேடிப் படுத்துவிடும். இதை முன்பே யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் 'எத்தனை கிலோமீட்டர்? எவ்வளவு வாடகை?' இரண்டே கேள்விகள்தான்.

அதனால்தான் சொல்கிறேன்... சுற்றுலாவுக்கு இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். இரண்டு இடம் போதும். அங்கே எதைப் பார்க்கப் போகிறோம், அது எந்த மாதம், எந்த நேரம் கண்ணில் படும் என்று முதலில் கேளுங்கள். அதற்குத் தகுந்தபடி மற்றதை அமைத்துக் கொள்ளுங்கள்.

கோடியக்கரைக்கே ஒரு திட்டம் போட்டுப் பார்ப்போமா?

எந்த மாதம்? வடக்கேயிருந்து வரும் பறவைகள் அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே தங்கும். ஆனால், நவம்பர் புயல் மாதம். 2018 நவம்பரில் 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரையைக் கடந்தது. காட்டு மரங்கள் சாய்ந்தன, மான்களும் இறந்தன. ஆகவே அரையாண்டு விடுமுறை நல்லது. அப்போதும் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். சரணாலயம் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடமும் விசாரிக்க வேண்டும்.

எந்த நேரம்? நம் ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். அதிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வேதாரண்யம். வெயில் தாழ, அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்க்கலாம். 1930ல் ராஜாஜி, திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். அங்கிருந்து கோடியக்கரை போகும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். மான்கள் மேய வரும் நேரம்! ராத்திரி வேதாரண்யத்தில் தங்கல். மறுநாள் விடியற்காலை கடற்கரையும், பறவைகளும்.

எதைக் கவனிப்பது? ஆண் வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. புள்ளிமான் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வெளிமான் கொம்பு விழுவதே இல்லை. பூநாரைக்கு ரோஜா நிறம், அது தின்னும் பாசியிலிருந்தும் சிறு இறாலிலிருந்தும் வருகிறது. இப்படி நான்கு விஷயம் தெரிந்துகொண்டு போனால், கண் தானாகத் தேடும். சத்தம் போடக்கூடாது, தின்பண்டம் வீசக்கூடாது. கடலில் பெரியவர் துணை இல்லாமல் இறங்கக்கூடாது.

'இவ்வளவு தூரம் போய் இரண்டே இடமா? காசு வீணாகாதா?' என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலியும் போகும். அதனால்தான் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்கிறேன். 5 ஊர் பெயரைச் சொல்லி, ஒன்றும் நினைவில்லாமல் வருவதுதான் வீண் செலவு.

அவ்வளவு பணம் இல்லையா? தூத்துக்குடி மாவட்டம் வல்லநாட்டிலும் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. நமக்கு அது பக்கம். அதுவும் முடியாவிட்டால், மழைக்குப் பிறகு நம் ஊர்க் கண்மாய்க்குக் காலை 6 மணிக்குப் போய் உட்காருங்கள். கொக்கும் நாரையும் காசு கேட்பதில்லை! ஆப்பிரிக்காவில் பேசும் சுவாஹிலி மொழியில் 'சஃபாரி' என்றால் 'பயணம்' என்றுதான் பொருள். கண்மாய்க்கரை வரை போனாலும் சஃபாரிதான்!

அடுத்த வருஷம் டூர் திட்டத்தை மாணவர்களிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு இடம் எழுதினார்கள். கோடியக்கரைக்குச் சாயங்காலம் 4 மணி என்று குறித்தார்கள். அன்று புல்வெளியில் மான் கூட்டத்தைப் பார்த்து, ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் அப்போது எங்கள் பள்ளியில் இல்லை. இன்றும் எனக்கு அது ஒரு குறைதான்.

உங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் குறை வர வேண்டாம். இன்று ராத்திரி சாப்பிடும்போது, 'அப்பா, அம்மா, இந்தத் தடவை திட்டம் நான் போடட்டுமா?' என்று கேளுங்கள்.

என்ன செல்லங்களே... நோட்டும் பேனாவும் எடுத்தாச்சா?