நகச்சொத்தை நகைப்புக்குரியதா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

அண்டவெளியைப் பற்றியும் அணுவைப் பற்றியும் நீங்கள் எழுதும் இம்மலரில் நான் கால் பெருவிரல் நகத்தைப் பற்றி எழுதப் புகுந்திருக்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டே படிக்கலாம்.

என் தாய் நடவுக்குப் போகிறவர். நாற்று நடுவதும் களை பறிப்பதுமாக முப்பது ஆண்டுகள் சேற்றில் நின்ற கால்கள் அவருடையவை. சேற்றுப்புண் எங்கள் தெருப் பெண்களுக்கு ஆண்டுதோறும் வந்து போகும் உறவுக்காரன். ஊறிப் புண்ணான விரலிடுக்கில் பூஞ்சை குடிபுகுந்து, அங்கிருந்து அம்மாவின் வலக்கால் பெருவிரல் நகத்திற்கும் ஏறிவிட்டது. நகம் மஞ்சளித்தது, தடித்தது, ஓரம் மாவாக உதிர்ந்தது. கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் மெட்டியணிந்த காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வார்.

மருதாணி அரைத்துப் பூசினார். சேற்றுப்புண்ணுக்கு நம் பெண்கள் வழிவழியாகக் கண்ட மருந்து அது. அதை நான் இகழ மாட்டேன். ஆனால் தடித்த நகத்தின் அடியில் ஒளிந்திருப்பதை அது எட்டவில்லை. நகத்தைச் சிவப்பாக்கி நோயை மறைத்ததுதான் மிச்சம். பிறகு ஒரு மருந்துக் கடையில் சீட்டில்லாமலே களிம்பு வாங்கினோம். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நான்காம் வாரம் படர்தாமரையாகப் புறங்காலில் ஏறியது. அக்களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது அரிப்பை அடக்கும். பூஞ்சையை எதிர்த்து நிற்கும் தோலின் காவலையும் சேர்த்தே அடக்கும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. களிம்பு எங்கள் வீட்டு மாடத்தில் இருந்தது.

கடைசியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நகத்துணுக்கைச் சுரண்டியெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தார்கள். நகத்தின் கெரட்டின் கரைந்து தெளிய, பூஞ்சையின் இழைகள் மட்டும் கரையாமல் நின்றன. நான் தாவரவியல் மாணவன் என்றறிந்த ஆய்வகப் பணியாளர் நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். முதலாண்டில் பெனிசிலியத்தின் படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பெனிசிலியப் பூஞ்சையினம் ஒன்றிலிருந்துதான் 1939இல் கிரிசியோஃபல்வின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்பதையும் தேர்வில் எழுதியிருக்கிறேன். என் தாயின் காலில் இருந்த பூஞ்சையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இச்சோதனை முக்கியமானது. கெட்டுப்போன நகமெல்லாம் பூஞ்சை நகமல்ல. அடிபட்டாலும், சொரியாசிஸ் இருந்தாலும் நகம் இப்படி ஆகும். பார்க்காமல் மாத்திரை தின்பது வீண்.

மருத்துவர் இரத்தத்தில் ஈரலின் நிலையைச் சோதித்துவிட்டு, நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் டெர்பினஃபின் வீதம் 12 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். மருந்து சரியானதே. ஆனால் ஒரு மாதம் கழித்து அம்மா நிறுத்திவிட்டார்.

"ஒரு மாசம் முழுங்கியாச்சு, நகம் அப்படியேதான இருக்கு? ரெண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம்" என்றார்.

நண்பர்களே, அவர் கேட்டதில் என்ன பிழை? காய்ச்சல் மாத்திரை மறுநாளே காய்ச்சலைத் தணிக்கிறது. நகமோ உயிரற்ற தகடு. மருந்து பழைய நகத்தைச் செப்பனிடாது. வேரிலிருந்து புறப்படும் புது நகத்தைத்தான் காக்கும். கால் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். மாத்திரையை முடித்த பிறகும் மருந்து நகத்தில் பல மாதம் தங்கி வேலை செய்யும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மருத்துவர் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. அன்று புறநோயாளிகளின் வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நானும் சொல்லவில்லையே!

பூஞ்சை நோய்களில் அரைகுறை மருத்துவத்தின் கேடு ஒருவரோடு நிற்பதில்லை. டெர்பினஃபினுக்கு எளிதில் மசியாத தோல் பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு இடப்பட்ட பெயர் டிரைக்கோபைட்டான் இண்டோடினியே. நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டதில் எனக்குப் பெருமையில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். நகச்சொத்தைக்கு மாத்திரை கொடுக்கும் இடத்தில் நகத்தின் படம் ஒன்றையும் கொடுக்க வேண்டும்: இந்த மாதம் இவ்வளவு, பொங்கலுக்கு இவ்வளவு, அடுத்த ஆடிக்கு முழு நகம் என்று கோடு போட்டு. கைநாட்டு வைப்பவர்க்கும் அது புரியும். அதைச் சொல்ல மருத்துவருக்கு நேரமில்லையென்றால் செவிலியர் சொல்லலாம். கூடப் போகும் பிள்ளை சொல்லலாம். குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். உணர்ச்சி மரத்த அவர்கள் காலில் தடித்த நகம் குத்திய சிறு புண்ணும் பெரிதாகிவிடும்.

விடுதி நண்பர்களுக்கும் ஒரு சொல். என்.சி.சி. பூட்சை ஈரக் காலுறையோடு நாளெல்லாம் அணிந்து, இரவில் பொதுக் குளியலறைக்கு வெறுங்காலோடு போய், ஒரே நகவெட்டியை அறை முழுவதும் சுற்றவிடும் நாமா நடவுப் பெண்ணின் காலைப் பார்த்து முகம் சுளிப்பது? விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். அங்கே தோல் வெளுத்து உரிந்தால் உடனே காட்டுங்கள். நகத்துக்கு ஏறுமுன் அதைத் தீர்ப்பது எளிது.

கார்த்திகையில் அம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். இம்முறை எல்லாவற்றையும் கேட்டுச் சொன்னேன். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் இடத்தில் மருத்துவர் சிறு அரத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டார். மாதம் பிறந்தால் என் ஜியோமெட்ரி பெட்டி அளவுகோலோடு அம்மாவின் காலடியில் உட்காருகிறேன். முதலில் வெட்கப்பட்டுக் காலை இழுத்தவர், இப்போது "எவ்வளவுடா வந்திருக்கு?" என்று அவரே நீட்டுகிறார். 12 வாரமும் மாத்திரை முடிந்தது. இதை எழுதும்போது கோடு நான்கு மில்லிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் மஞ்சள் இல்லை.