ஏலப்பாறை ஏற்றத்துக்கு எந்தக் கார்?

முதன்முதலாகக் கார் வாங்க முனையும் ஏலப்பாறைக் குடும்பம் ஒன்று வங்கிக்கு வரும்போது, பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டே வருகிறது. வண்டியின் பெயர், நிறம், வேரியண்ட் ஆகிய மூன்றும் விற்பனைக்கூடம் தந்த விலைப்பட்டியலில் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சி நிற்பது கடன் தொகை மட்டுமே. நாம் கேட்க விரும்பும் கேள்விகளோ அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. முண்டக்கயத்திலிருந்து குட்டிக்கானம் வரையுள்ள ஏற்றத்தில் ஐவரையும் அவர்தம் மூட்டைகளையும் சுமந்துகொண்டு, ஆடி மாத மழையில், முன்செல்லும் லாரியைத் தாண்ட அந்த எஞ்சினுக்கு வலு உண்டா? மூன்றாண்டுகள் கழித்து வண்டியின் மதிப்பு பெரிதாக இருக்குமா, கடன் நிலுவை பெரிதாக இருக்குமா?

பிரீமியம் ஹேட்ச்பேக் என்னும் வகை இந்த மலைக்குப் பொருந்துவதே. ஆனால் அதன் உச்ச வேரியண்ட் பொருந்தாது. ஏழாண்டுக் கடன் அதைவிடவும் பொருந்தாது. இது நம் கருத்து.

பீர்மேட்டு வட்டத்துத் தோட்டக் குடும்பங்களில் இன்று செவிலியரும் ஆசிரியரும் அரசு ஊழியரும் இருக்கின்றனர். பெற்றோர் கொழுந்து கிள்ளிய கையோடு பகிர்வு ஜீப்புக்குக் காத்துநின்ற சாலையில், பிள்ளைகள் சொந்த வண்டி ஓட்ட விரும்புவது இயல்பு. அதில் ஆடம்பரம் ஏதுமில்லை. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் குமுளி வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். ஒரே வண்டி இவ்விரண்டு மலைச்சரிவுகளையும் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். ஆகவேதான் தேர்வில் நிதானம் வேண்டுமென்கிறோம்.

‘பிரீமியம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் பொருள் ஒன்றுமில்லை. ‘சிறு கார்’ என்பதற்கு உண்டு. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறு கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1,500 சி.சி.க்கும் மேற்படக் கூடாது என்பவை அன்று வகுக்கப்பட்ட அளவுகள். அந்தக் கோடே பின்வந்த வண்டிகளின் உருவத்தைத் தீர்மானித்தது. மாருதி பலேனோவும் டாடா ஆல்ட்ரோஸும் 3,990 மில்லிமீட்டர் நீளம். ஹூண்டாய் ஐ20 3,995. வரிச்சலுகையை இழக்காமல் எவ்வளவு இடம் தர இயலுமோ அவ்வளவையும் தரும் வண்டிகள் இவை. டொயோட்டா கிளான்சா, பலேனோவின் உடன்பிறப்பே.

2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. அதற்குமுன் பெட்ரோல் வண்டிக்கு 28 விழுக்காடு வரியும் 1 விழுக்காடு கூடுதல் தீர்வையும் இருந்தன. வரிக்குறைப்பு முழுமையாகக் கைமாறினால், 8 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்க்கு விற்ற வண்டி ஏறத்தாழ 8 லட்சத்துக்குக் கிடைக்கும். இந்த 75 ஆயிரத்தை என்ன செய்வது? அதே பணத்துக்கு ஒருபடி மேலான வேரியண்ட்டை வாங்கிவிடலாம் என்ற எண்ணமே நம்மிடம் வருவோரிடையே மிகுந்திருக்கிறது. அதை முன்பணத்தோடு சேர்ப்பதே நன்று என்போம். ஏன் என்பதைச் சாலையிலிருந்தே சொல்லலாம்.

பீர்மேட்டு மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்று மெலிவதால், டர்போ பொருத்தப்படாத எஞ்சின் தன் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு அளவை இழந்துவிடுகிறது. அதன்மேல் சுமை. வெறும் வண்டி 950 கிலோ அளவில் இருக்க, வளர்ந்தவர் ஐவரும் மூட்டைகளும் 400 கிலோவை நெருங்குவர். சமவெளியில் குதிரைத்திறனைப் பார்க்கலாம். மலையில் பார்க்க வேண்டியது டார்க் எனப்படும் முறுக்குவிசை, அதிலும் அது எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது. பலேனோவின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்துக்கு 4,400 சுற்றில்தான் கிடைக்கிறது. ஆல்ட்ரோஸ் பெட்ரோலும் ஐ20-இன் 1.2 லிட்டரும் 115-ஐ ஒட்டியே நிற்கின்றன. ஆகவே கொண்டையூசி வளைவில் இரண்டாம் கியருக்கு இறங்கி எஞ்சினை இரைய விட்டுத்தான் ஏற வேண்டும். இது வண்டியின் குறையன்று. ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டிய இயல்பு. அதற்கு மாறாக ஆல்ட்ரோஸின் டீசல் எஞ்சின் 1,250 சுற்றிலேயே 200 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. வாரம் இருமுறை முழுச்சுமையோடு மலை ஏறி இறங்கும் குடும்பத்துக்கு நம் தேர்வு அதுவே. கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் நாள்தோறும் இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம். குறுந்தொலைவு ஓட்டத்தில் அதன் புகைத்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டு தொல்லை தரும்.

விற்பனைக்கூடங்கள் சோதனை ஓட்டத்துக்குப் பெரும்பாலும் சமதரைச் சாலையைத்தான் தருகின்றன. ஓட்டுபவரோடு விற்பனையாளர் ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். வீட்டார் ஐவரும் ஏறிக்கொண்டு, ஒரு மேட்டைக் காட்டி அங்கே நிறுத்திப் புறப்படச் செய்து பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். மறுப்பவரிடம் வண்டி வாங்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. ஏ.எம்.டி. வண்டியாயின் இந்தச் சோதனை இன்னும் இன்றியமையாதது. மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் உருள்கிறதா, ஹில் ஹோல்ட் பிடித்து நிறுத்துகிறதா என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

ஏறுவதைவிட இறங்குவது கடினம். குட்டிக்கானத்திலிருந்து பெருவந்தானம் வழியே இறங்குவோரும், குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்குவோரும் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய ஜீப் ஓட்டுநர்கள் கற்றுத்தந்த பாடம். புது வண்டிக்கும் அதுவே பாடம். ஏ.பி.எஸ். இன்று எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஈரச்சாலை வளைவில் வண்டி வழுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி. அப்படியன்று, எந்த வேரியண்ட்டிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டறிய வேண்டும். மோதல் சோதனையில் ஆல்ட்ரோஸ் 2020-இல் குளோபல் என்கேப் அமைப்பின் 5 நட்சத்திரத்தைப் பெற்றது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடைபெறுகிறது. வாங்கவிருக்கும் மாடலின் மதிப்பெண்ணைக் கேட்பது வாங்குபவரின் உரிமை.

இனி உச்ச வேரியண்ட்டுக்கு வருவோம். அதற்காக நாம் தரும் கூடுதல் பணம் பெரிய திரைக்கும், பளபளக்கும் அலாய் சக்கரத்துக்கும், சில வண்டிகளில் திறக்கும் கூரைக்கும் போகிறது. இடவப்பாதியும் துலாவருடமும் மாறி மாறிப் பெய்யும் ஊரில் கூரையைத் திறப்பதற்குப் பணம் தருவதை என்னென்பது! சக்கரத்தையாவது பயனுள்ளது எனலாமா என்றால், அதுவும் இல்லை. பலேனோவின் கீழ்ப்படிகளில் 185/65 அளவில் 15 அங்குல டயர். மேற்படியில் 195/55 அளவில் 16 அங்குலம். கணக்கிட்டால் முதலாவதன் பக்கச்சுவர் ஏறத்தாழ 120 மில்லிமீட்டர். இரண்டாவதன் உயரம் 107 மட்டுமே. கல் பெயர்ந்த குழியில் இடிபடும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்தப் பக்கச்சுவர்தான். விலை கூடிய டயர் நமக்குத் தருவது குறைந்த காப்பு.

எனினும் கடைசி வேரியண்ட்டை வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டோம். மூடுபனியில் பின்கண்ணாடிக்கு வைப்பரும் படலம் நீக்கும் டிஃபாகரும் இல்லாத வண்டி பாதி குருடு. அவை பெரும்பாலும் நடு வேரியண்ட்டில் கிடைத்துவிடுகின்றன. நம் பரிந்துரை அந்த நடுப்படியே.

ஒரு விலக்கையும் சொல்ல வேண்டும். தார்ச்சாலையிலிருந்து லயங்களுக்குச் செல்லும் கல்பாவிய தோட்டப் பாதையில் நாள்தோறும் ஏற வேண்டிய வீடாயின், 165 அல்லது 170 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள இந்த வகை கார்கள் போதா. ஐவர் அமர்ந்ததும் அந்த இடைவெளியும் குறைந்துவிடும். அத்தகையோர் 187 மில்லிமீட்டர் உள்ள டாடா பஞ்ச் போன்றவற்றை நாடலாம். வாங்குவோர் பலர் உயரமான வண்டிகளுக்கு நகர்ந்துவிட்ட காலமிது. ஃபோக்ஸ்வாகன் போலோ 2022-லும் ஹோண்டா ஜாஸ் 2023-லும் சந்தையிலிருந்து விடைபெற்றன. ஆனால் வீட்டு வாசல்வரை தார்ச்சாலை உள்ளவர் உயரத்துக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை; வளைவுகளில் தாழ்ந்த வண்டியே குறைவாகச் சாய்கிறது, பின்னிருக்கையில் குழந்தைகளுக்குக் குமட்டலும் குறைகிறது.

கடனைப் பற்றி இனிச் சொல்வது நம் தொழில் சார்ந்தது. எக்ஸ்-ஷோரூம் விலை 8 லட்சம் என்றால் சாலைவரியும் காப்பீடும் சேர்ந்து 9 லட்சத்தைத் தாண்டும். அதில் 8 லட்சம் கடன், ஆண்டு வட்டி 9 விழுக்காடு எனக் கொள்வோம். ஐந்தாண்டுக்கு மாதத் தவணை 16,607 ரூபாய். ஏழாண்டுக்கு 12,871 ரூபாய். மாதம் மூவாயிரத்து எழுநூறு குறைகிறதே என்று மனம் இரண்டாவதை நாடும். ஐந்தாண்டில் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ 1 லட்சத்து 96 ஆயிரம். ஏழாண்டில் 2 லட்சத்து 81 ஆயிரம். (வட்டி வங்கிக்கே வருகிறது, அதை வங்கி அதிகாரியே குறைத்துக்கொள்ளச் சொல்வானேன் என்று வாசகர் நகைக்கலாம். தவணை தவறாத வாடிக்கையாளரே வங்கிக்கு லாபம்.)

வட்டியைவிட வலியது மதிப்புக் கணக்கு. காப்பீட்டில் ஐ.டி.வி. எனப்படும் மதிப்பு, மூன்றாண்டு முடிந்த வண்டிக்குப் பட்டியல் விலையில் 40 விழுக்காடு கழித்துக் கணக்கிடப்படுகிறது. 8 லட்ச வண்டி அப்போது 4 லட்சத்து 80 ஆயிரம். ஏழாண்டுக் கடனில் அன்று நிலுவை 5 லட்சத்து 17 ஆயிரம் இருக்கும். வண்டி முற்றாக அழிந்துபோனால் காப்பீட்டுத் தொகை முழுவதையும் கடனுக்குத் தந்த பின்னும் 37 ஆயிரம் கைப்பணம் கட்ட வேண்டும். ஐந்தாண்டுக் கடனிலோ அதே நாளில் நிலுவை 3 லட்சத்து 64 ஆயிரம் மட்டுமே. 2021 அக்டோபரில் கொக்கையாறும் கூட்டிக்கலும் கண்ட மண்சரிவை நினைவில் வைத்திருக்கும் நாட்டில் இது ஏட்டுக் கணக்கன்று. வெள்ளநீர் புகுந்த எஞ்சினை இயக்கிப் பழுதாக்கினால் வழக்கமான முழுக் காப்பீடு அதை ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச்சேர்க்கை வேண்டும். திறக்கும் கூரையை விட்டுவிட்டு இதனை வாங்குவதே இங்கே அறிவுடைமை.

மகளோ மகனோ அயல்நாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை முன்பணத்துக்குப் பயன்படுத்துங்கள். மாதத் தவணையை ஊரில் வரும் வருமானத்தைக் கொண்டு அளந்திடுங்கள். அனுப்புபவரின் வாழ்வில் திருமணமும் வீடும் வரும். தவணை அதற்காகக் காத்திராது. ஐந்தாண்டுத் தவணை கட்டுப்படியாகவில்லையென்றால், நீட்ட வேண்டியது காலத்தையன்று, சுருக்க வேண்டியது வண்டியை. 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டி அதில் தெரியும். வட்டி நிலையானதா மாறுவதா, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பவற்றையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

எல்லைப்புற ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது பீர்மேடு வட்டம் கேரளத்தில் நின்றது. உறவுகள் இருபுறமும் நின்றன. கம்பத்து உறவினர் முகவரியில் தேனிப் பதிவெண்ணான டி.என். 60 பெற்று ஏலப்பாறையில் ஓட்டலாம் என்ற யோசனை அதனால் அடிக்கடி எழுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வண்டியை அதன் உரிமையாளர் வாழும் இடத்தில் பதிய வேண்டும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் பெற வேண்டும். அப்போது கேரளத்துக்கு வரி கட்டவேண்டும், கடன் தந்த வங்கியின் தடையின்மைச் சான்றும் பெறவேண்டும். வண்டிப்பெரியாற்றின் கே.எல். 37-ஐத் தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்வது அலைச்சலற்றது. கடன் தீர்ந்த அன்று வங்கி தரும் சான்றையும் 35-ஆம் படிவத்தையும் அலமாரியில் வைத்துவிடாமல், பதிவுச் சான்றிலுள்ள வங்கியின் பெயரை அந்த அலுவலகத்தின் வழி நீக்கிக்கொள்ளுங்கள். நீக்காவிட்டால் விற்க முற்படும் நாளில்தான் அது நினைவுக்கு வரும்.