எக்மோ நம் காலனிக்கு எத்தனை ஆஸ்பத்திரி தள்ளி?

ஜெயலலிதாவுக்கு 2016இல் வைத்தார்கள், எஸ்.பி.பி.க்கு 2020இல் வைத்தார்கள். எக்மோ என்ற சொல் அப்படித்தான் நம் தெருவுக்கு வந்தது. இருவரும் பிழைக்கவில்லை, அதனால் அதைச் சாவுக்கு முந்தைய சடங்காகவே நினைத்துவிட்டோம். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்குள் திருப்பி அனுப்பும் கருவி அது. நிமோனியா முற்றி வென்டிலேட்டரும் போதாமல் போகும் கர்ப்பிணிக்கும் வைக்கலாம். அப்படி வைக்கப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனால் வென்டிலேட்டரில் ஒரு வாரம் கிடந்த பிறகு வைத்தால் பலன் குறையும். திருவேங்கடத்தில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் நம் பெண்ணுக்கு அந்த வாரம் எப்படிக் கழியும்? "சளிதானே" என்று இரண்டு நாள். பிறகு சங்கரன்கோவில். அங்கிருந்து தென்காசியோ திருநெல்வேலியோ. ஏழு மாத வயிற்றோடு மூச்சுத் திணறுகிறவளை ஊர் ஊராக அலைக்கழிப்பதற்கு 'ரெபர்' என்று பெயர்.

படுக்கை இல்லையென்று அரசு மருத்துவமனை திருப்பி அனுப்புவது வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு தொழிலாளியின் வழக்கு அது.

தாலுகாவுக்கு ஒரு எக்மோ கேட்கவில்லை நாம். வென்டிலேட்டர் வைக்கும் அன்றைக்கே எக்மோ குழுவுக்குத் தகவல் போக வேண்டும். செலவு யாருடையது என்ற கேள்வி அவள் புருஷனிடம் வரக் கூடாது.