இனச்சுழற்சியும் கல்விச் சுதந்திரமும்

இடஒதுக்கீட்டால் கல்விச் சுதந்திரம் பறிபோகிறது என்று வாதிடுவோர், அது யாருடைய சுதந்திரம் என்பதைத் தெளிவாகச் சொல்வதில்லை. கல்விச் சுதந்திரம் என்பது ஆசிரியரும் மாணவரும் அச்சமின்றி ஆராயவும் கற்பிக்கவும் விவாதிக்கவும் உள்ள உரிமை. நிறுவனத் தன்னாட்சி என்பதோ நிர்வாகம் தன் காரியங்களைத் தானே முடிவு செய்துகொள்ளும் அதிகாரம். முன்னதைப் பின்னதே பறிப்பதும் உண்டு. 2015 மே மாதம், பெயர் குறிப்பிடாத புகார் ஒன்றை அனுப்பி ஒன்றிய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் கருத்துக் கேட்டதைத் தொடர்ந்து, சென்னை ஐஐடி நிர்வாகம் அம்பேத்கர்–பெரியார் படிப்பு வட்டம் என்னும் மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை நீக்கியபோது பறிபோனது, சாதி குறித்துப் பேசிய மாணவர்களின் சுதந்திரமே ஆகும். நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னர், ஜூன் 7 அன்று அது மீண்டும் அங்கீகரிக்கப்பட்டது.

ஆசிரியர் நியமனத்தில் நடந்தது இதனினும் நுட்பமானது. இனச்சுழற்சி என்பது பணியிடங்களை வரிசைப்படுத்தி, எந்த இடம் எந்தப் பிரிவினருக்குரியது என்று குறிக்கும் முறை. பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளாமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு கணக்கிட்டால் நான்காம் இடம் பிற்படுத்தப்பட்டோருக்கும், ஏழாம் இடம் பட்டியல் சாதியினருக்கும், பதினான்காம் இடம் பழங்குடியினருக்கும் வரும் என்பதால், மூன்று பணியிடங்களே உள்ள துறையில் இவர்களில் எவருக்கும் ஒதுக்கீடு இராது; ஆறு இருந்தாலும் பட்டியல் சாதியினருக்கு ஒன்றுகூட வராது. ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் நிறுவனத்தையே மீண்டும் அலகாக்கியது. ஆயினும் சில உயராய்வு நிறுவனங்களுக்கு அச்சட்டம் அளித்த விலக்கை ஐஐடிகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று, ஒன்றிய அரசு அமைத்த குழு 2020இல் பரிந்துரைத்தது.

ஒதுக்கப்பட்ட இடத்திற்கு விண்ணப்பிப்போரின் ஆய்வை எடைபோடுவதும் அறிஞர் குழுவே. வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று இடஒதுக்கீட்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவும் கட்டளையிடவில்லை. எனவே இடஒதுக்கீடும் கல்விச் சுதந்திரமும் மோதுகின்றன என்னும் வாதம் அடிப்படையற்றது. வேப்பம்பட்டிலும் செவ்வாப்பேட்டையிலும் சென்னைப் புறநகர் ரயிலேறிக் கல்லூரி செல்லும் முதல் தலைமுறை மாணவர் நாளை முனைவர் பட்டத்தோடு விண்ணப்பிக்கும்போது, தமக்குரிய இடம் எந்தக் கணக்கில் மறைந்தது என்று தேடி அலையும் நிலை வரக்கூடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இனச்சுழற்சிப் பதிவேட்டைத் துறைவாரியாக, எவரும் பார்க்கும்படி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இக்கோரிக்கையை உடனே முன்னெடுக்க வேண்டும்.